ரோமாபுரி வளைவும் குனியாத முருகனும்

அசட்டையாக வேலை செய்கிறவன் தவறினால் ஓரங்குலம், ஈரங்குலம் தவறுவான். துல்லியமாக வேலை செய்கிறவன் தவறினால் அடிக்கணக்கில் தவறுவான். அதையும் அரை அங்குலம் பிசகாமல் தவறுவான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ரங்கூனில் ஒரு பங்குனி உத்திரத்தன்று மாலை நாலே முக்கால் மணிக்கு, நட்டநடுத் தெருவில் நின்று கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் நகலெடுக்கும் வேலை. பிறர் போட்ட கோட்டின்மேல் கோடு போடுவதுதான் உத்தியோகம். (சொந்தமாக ஒரு கோடு போட்டுவிட்டால், "இது யார் வீட்டுக் கோடு?" என்று கேட்பார்கள்.) தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். எழுந்த நேரம், குளித்த நேரம், டிராம் வந்த நேரம், அது வந்திருக்க வேண்டிய நேரம். அறைத் தோழன் ரத்தினத்துக்கு இது பெரிய வேடிக்கை. "உனக்குக் கல்யாணம் ஆனா, பொண்டாட்டி தும்மினாக்கூட மணி பார்த்து எழுதுவடா" என்பான். (எழுதினேன். அது பிற்பாடு.)

அந்த வருஷம் அலுவலகத்தில் ஓர் என்ஜினீயர் சீமைக்குத் திரும்பும்போது, அட்டை போன ஒரு புத்தகத்தை அலமாரியில் விட்டுப்போனார். பழைய ரோமாபுரிக்காரர்கள் ஊர் கட்டிய விதத்தைப் பற்றியது. மலைச்சுனைத் தண்ணீரை, கல் வளைவுகளின் தலைமேல் வாய்க்கால் வெட்டி, மைல் கணக்கில் நடத்திக்கொண்டு வந்து பட்டணத்தில் இறக்கினார்கள் என்றிருந்தது. படகு விடும் அளவுக்குச் சாக்கடை கட்டினார்கள் என்றிருந்தது. (ஆடி மாதத்தில் எங்கள் தெருவிலேயே படகு விடலாம். அதை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை.) மூன்று தடவை படித்தேன். அதன்பின் என் உடம்பு மட்டும்தான் ரங்கூனில் இருந்தது. தெருக்குழாயடியில் குடத்துடன் நிற்கும்போது பெருமூச்சு விடுவேன். வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆப்பக்கடை வைத்திருந்த செல்லம்மாக்கா, "ஏன் தம்பி, வயித்துல வாயுவா?" என்று கேட்பாள்.

இந்த நிலைமையில் என்னை வாசகசாலையில் பேசக் கூப்பிட்டார்கள். "உரோமாபுரியின் நகர நிர்மாணம்" என்று ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசினேன். வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். கடைசிவரை விழித்திருந்தவர்கள் ஒன்பது. மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னேன். முதலாவது, ரோமாபுரிக்காரர்கள் ஊரைச் சதுரங்கப் பலகைபோல் வகுத்தார்கள்; நம் ரங்கூனும் அப்படியே; ஒரு தெரு அடைபட்டால் பக்கத்துத் தெரு அதே இடத்துக்குக் கொண்டுபோய் விடும். இரண்டாவது, போரில் தோற்றவர்களை ஒரு தாழ்ந்த நுகத்தின் கீழே குனிந்து போகச் செய்வார்கள். மூன்றாவது, கல் வளைவு கட்டி முடித்து, அதுவரை அதைத் தாங்கிய மரச் சாரத்தைப் பிரிக்கும்போது, கட்டிய என்ஜினீயர் அதற்கு நேர் கீழே நிற்க வேண்டும்.

மூன்றாவதைச் சொன்னபோது ஒருவர் தூக்கம் கலைந்து நிமிர்ந்தார். அவர் சொக்கலிங்கம் பிள்ளை. கோயில் உற்சவக் காரியங்களைப் பார்ப்பவர். அடுத்த தெருவில் வீடு. அதைவிட முக்கியம், அவருக்குக் கோமதி என்று ஒரு மகள் இருந்தாள். கோயிலில் அவளை ஒருமுறை நாலு விநாடி பார்த்திருக்கிறேன். (குறிப்பில் இருக்கிறது.) ரத்தினம்தான் அந்த வீட்டில் என் பேச்சை எடுத்திருந்தான். ஜாதகமும் போயிருந்தது. பதில் வரவில்லை.

பிள்ளை எழுந்தார். "தம்பி, கட்டினவனே அடியில நிப்பானா? நெசமாவா?"

"புஸ்தகத்துல அப்படித்தாங்க இருக்கு."

"நல்ல வழக்கமா இருக்கே! நம்ம ஊர்லயும் வச்சா பாதி கான்ட்ராக்டருங்க காணாமப் போயிடுவானுங்க." சபை சிரித்தது. "அப்ப ஒண்ணு செய்யுங்க. உத்திரத்துக்கு உங்க தெரு முனையில மூங்கில் தோரணம் கட்டுறோம். ஒவ்வொரு வருஷமும் சாமி வர்றதுக்குள்ள அது சாஞ்சு போவுது. இந்த வருஷம் நீங்க கட்டுங்க. ரோமாபுரி மாதிரியே கட்டுங்க. ரோமாபுரி மாதிரியே நில்லுங்க."

ஒன்பது பேர் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மற்றவர்களும் விழித்துக் கைதட்டினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பிள்ளை என் காதருகே சொன்னார்: "ஜாதகம் எங்கிட்டதான் இருக்கு. உத்திரம் முடியட்டும். நீங்க கட்டுறது எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டு, அதை எடுத்துப் பார்ப்போம்."

ஆக, கோமதி அந்த வளைவின்மேல் நின்றாள். நான் அதன் கீழே.

ரங்கூனில் கல்லுக்கு எங்கே போவது? தேக்குக்குப் பஞ்சமில்லை. மரவாடியில் கழித்துப்போட்ட தேக்குக் கட்டைகளைப் பிள்ளை கேட்டு வாங்கித் தந்தார். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து கோ லுன் என்ற பர்மியத் தச்சன் வந்தான். ஊர்த் தமிழையெல்லாம் துறைமுகத்தில் பொறுக்கிச் சேர்த்திருந்தான். படித்தவனைப் பர்மியர் "சயா" என்பார்கள். என்னையும் அப்படியே அழைத்தான். கல்லுக்குப் பதில் தேக்கை ஆப்பு ஆப்பாகச் செதுக்கச் சொன்னேன். அரைவட்டத்துக்குப் பதினைந்து ஆப்பு. ஒன்றுக்குப் பன்னிரண்டு பாகை. ஆணி கிடையாது, கயிறு கிடையாது. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு தானே நிற்கும்.

"ஆணி இல்லையா?" என்றான் கோ லுன்.

"இல்லை."

"கொஞ்சம் ஆணி?"

"ரோமாபுரியில ஆணி இல்ல."

"பாவம்" என்றான்.

மட்டம் பார்ப்பதற்கும் ரோமாபுரி முறைதான். இருபதடி நீளப் பலகையில் பள்ளம் வெட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, நீர் நிற்கும் கோட்டைப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றிவிட்டு நான் கண்ணைத் தாழ்த்துவதற்குள் செல்லம்மாக்காவின் ஆடு அதைக் குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினேன். மறுபடி குடித்தது. நாட்குறிப்பில் "ஆடு, 8.10" என்றும், "ஆடு, 8.25" என்றும் இருக்கிறது.

இனி உயரம். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் என் காது சிவக்கிறது. சாமி சப்பரத்தில் வரும். எனவே சப்பரத்தின் உயரம் தெரிய வேண்டும். கண்மதிப்பில் சொல்ல நான் என்ன மூங்கில் கட்டுகிறவனா? அளவுநாடாவுடன் கோயிலுக்குப் போனேன். வர்ணம் பூசுவதற்காகச் சப்பரத்தை மண்டபத்தில் தரையோடு இறக்கி வைத்திருந்தார்கள். அடியிலிருந்து கலசத்தின் நுனிவரை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஏழடி மூன்றரை அங்குலம். வளைவின் உச்சியை ஒன்பதடி என்று வைத்தேன். மேலே இன்னும் ஓரடி எட்டரை அங்குலம் மிச்சம். குடை, பூமாலை, காற்று எல்லாவற்றுக்கும் தாராளம் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டேன்.

சப்பரம் தரையில் உருண்டு வராது, பதினாறு பேர் தோளில் ஏறி வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு வருஷமாகக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது என் வழக்கம்.

கோ லுனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. பதினைந்தாவது ஆப்பை, அதாவது உச்சி ஆப்பை, இறக்குமுன் கேட்டான். "சயா, சாமி எவ்வளவு பெரிசு?"

"ஏழடி மூன்றரை அங்குலம்."

"நடந்து வருமா?"

"சாமி எங்கேயாவது நடக்குமா? தூக்கிட்டு வருவாங்க."

அவன் வளைவைப் பார்த்தான். தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சயா படிச்ச ஆள்" என்று சொல்லிவிட்டு ஆப்பை இறக்கிவிட்டான்.

ஒரு தொழில் விவரம் சொல்ல வேண்டும். பின்னால் வந்த வினைக்கு அதுதான் காரணம். வளைவின் பாரம் கீழே மட்டும் இறங்காது. பக்கவாட்டிலும் கால்களை விரிக்கப் பார்க்கும். ஆகவே இரண்டு பக்கமும் முட்டு வேண்டும். ரத்தினம் வேலை பார்த்த அரிசி ஆலையிலிருந்து பழைய கோணிகள் வாங்கி, மணல் நிரப்பி, வளைவின் இரு கால்களிலிருந்தும் இரு சாரியிலும் இருந்த கடைகளின் சுவர்வரை அடுக்கிவிட்டேன். அதாவது, தெருவில் இனி வழி என்று ஒன்று இருந்தால், அது என் வளைவின் வழிதான்.

உத்திரத்தன்று காலை ஏழரைக்குச் சாரம் பிரித்தார்கள். தெருவே கூடியிருந்தது. பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கோட்டும் தலைப்பாகையுமாக வளைவின் நட்டநடுவில் நின்றேன். ரோமாபுரி என்ஜினீயர்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. நான் நினைத்தது, "கொஞ்சம் ஆணி" என்று அவன் கேட்டபோது சரி என்றிருக்கலாமே.

"சயா, கண்ணு திறந்து நில்லு" என்றான் கோ லுன். "மேலே வந்தா பார்க்கணும் இல்ல?"

கடைசி முட்டுக்கால் போயிற்று. தலைக்குமேல் "கிர்ர்" என்று ஒரு சத்தம். பதினைந்து ஆப்புகளும் ஒரு மயிரிழை இறங்கி, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, நின்றன. நின்றேவிட்டன! கூட்டம் ஆரவாரித்தது. பிள்ளை எழுந்து வந்து முதுகில் தட்டினார். "நிக்குது தம்பி. சாயங்காலம் சாமி இது வழியா வந்துட்டா, நாளைக்கே ஜாதகத்தைப் பார்த்துடுவோம்."

அந்த மமதையில் இன்னொரு காரியம் செய்தேன். டாலாவில் பர்மியரின் தண்ணீர்த் திருநாளுக்குப் பந்தல் போட, சாரத்து மரங்களைத் தரமுடியுமா என்று கோ லுன் கேட்டான். "எடுத்துட்டுப் போ. நின்ன வளைவுக்குச் சாரம் எதுக்கு?" என்றேன். ஒன்பது மணிப் படகில் சாரம் ஆற்றைக் கடந்து போயிற்று.

மாலையில் தெரு மணப்பெண் மாதிரி இருந்தது. வாசலுக்கு வாசல் நீர் தெளித்துக் கோலம். செல்லம்மாக்கா ஆப்பச்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, பட்டுப்புடவை கட்டி, ஆரத்தித் தட்டுடன் முதல் ஆளாக நின்றாள். நான் வளைவின் காலருகே, கையில் நாட்குறிப்புடன் நின்றேன்; சாமி என் வளைவுக்குள் நுழையும் நிமிஷத்தைக் குறிக்க வேண்டுமே. நாகஸ்வரம் கேட்டது. முனை திரும்பிச் சப்பரம் தெரிந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பதினாறு பேர், ஒவ்வொருவனும் ஒரு தூண். முன்தண்டில் அவர்களின் மேஸ்திரி வேலு.

சப்பரம் நெருங்க நெருங்க உயர்ந்துகொண்டே போயிற்று. நான் முதலில் அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்தேன்.

வேலு மேஸ்திரி நின்றார். நாகஸ்வரம் நின்றது. பதினாறு பேரும் நின்றார்கள். வளைவின் உச்சி முருகனின் மார்புக்கு நேரே இருந்தது.

"என்ன நின்னுட்டீங்க?" என்று பின்னாலிருந்து பிள்ளை ஓடிவந்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி. அளந்தீங்களா?"

"மூணு தடவைங்க."

"எதை அளந்தீங்க?"

நோட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். ஏழடி மூன்றரை, அதனுடன் தோள் நாலரை அடி. மொத்தம் பதினோரடி ஒன்பதரை அங்குலம். "இரண்டடி ஒன்பதரை அங்குலம் இடிக்குதுங்க" என்றேன். அந்த நேரத்திலும் விடை துல்லியமாக வந்ததில் எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன்.

"கொஞ்சம் உட்கார்ந்தாப்பல நடந்து வர முடியுமா?" என்று வேலு மேஸ்திரியைக் கேட்டேன்.

"உட்கார்ந்தாப்பலயா?" அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "ஏலே, சாமியத் தூக்கிட்டு வாத்து மாதிரி நடக்கணுமாம்." பதினாறு பேரும் சிரித்ததில் முருகனே குலுங்கினார். "ஐயா, மூணு மூட்டை வேணா கூடப் போடுங்க, தூக்குறோம். வாத்து நடை எங்க வழக்கத்துல இல்ல."

"கலசத்தைக் கழட்டிட்டா?"

"கழட்டு. ஓரடி குறையும். மிச்சத்துக்கு முருகன் தலையையா கழட்டுவே?" என்றது ஒரு குரல். ரத்தினம்தான். அவன் எப்போதும் என் பக்கம்தான் நிற்பான்; கொஞ்சம் தள்ளி நின்று பேசுவான். "ஏன்டா, தோத்தவங்களைத்தான் குனியவச்சு அனுப்புவாங்கன்னு ரெண்டு மணி நேரம் பேசுனியே. முருகன் யார்கிட்டடா தோத்தாரு?"

கூட்டம் இதை ரசிக்கவில்லை. "வளைவை இடிங்கடா!" என்றார்கள். நான் நடுவில் பாய்ந்தேன். மூட்டைகளை எடுத்தால் கால்கள் விரியும். கால்கள் விரிந்தால் பதினைந்து தேக்கு ஆப்புகளும் சாமி முன்னால் ஜனங்களின் தலையில் விழும். பத்திரமாகப் பிரிக்க வேண்டுமானால் அடியில் சாரம் கொடுக்க வேண்டும்.

"அப்ப சாரத்தைக் கொடுங்க!" என்றார் பிள்ளை.

"சாரம் டாலாவுல இருக்குங்க."

பிள்ளை தலையில் கைவைத்தார். சாமி நடுவழியில் நிற்கிறது. திரும்பிப் போனால் அபசகுனம். முன்னே போனால் வளைவு. விழுந்தால் அதைவிட அபசகுனம். உற்சவம் அவர் பொறுப்பு. என் ஜாதகம் அவர் மேஜையில் எரிகிற வாசனை எனக்கு அங்கேயே வந்தது. செல்லம்மாக்காவின் தட்டில் ஏற்றிய கற்பூரம் அணைந்தது; மறுபடி ஏற்றியதும் அணைந்தது.

நான் கடைசியாக ஒரு யோசனை சொன்னேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது. தெருவை மூன்றடி தோண்டலாம் என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை, என் கையெழுத்துத்தான்.

தோளில் பாரத்துடன் நிற்கிறவனுக்குத்தான் சீக்கிரம் யோசனை வரும். வேலு மேஸ்திரி கழுத்தைத் திருப்பினார். "ஏன் பிள்ளைவாள், பக்கத்துத் தெரு வழியா போனா என்ன? அதுவும் அங்கதானே போய்ச் சேருது?"

"அட, இதைத்தான் இவன் வாசகசாலையில கத்துனான்!" என்றான் ரத்தினம். "சதுரங்கப் பலகை! ஒரு தெரு அடைபட்டா இன்னொண்ணு!"

பிள்ளை தலையிலிருந்து கையை எடுத்தார். பக்கத்துத் தெரு அவருடைய தெரு. அவர் முகத்தில் பயமும் ஆசையும் மாறி மாறி வந்தன. "வழக்கமில்லையே..." என்று இழுத்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "நான் சொல்லல! நான் திருப்பச் சொல்லல! வழி இல்ல, அதனால திரும்புது. எல்லாரும் பார்த்துக்குங்க!"

சப்பரம் திரும்பியது. எங்கள் தெருவின் கோலங்களும் ஆரத்தித் தட்டுகளும் பட்டுப்புடவைகளும் பார்த்துக்கொண்டே நின்றன. நான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சப்பரத்தின் பின்னால் நடந்தேன். அந்தத் தெருவில் நிற்பதைவிட அதுவே பத்திரம்.

அடுத்த தெருவில் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் தின்பண்டத்தைக் கடிக்கத் திறந்த வாயை மூடாமல் நின்றார். பிள்ளை வீட்டிலிருந்து அவர் மனைவி தெய்வானை அம்மாள் அரிவாள்மணையும் பாதி வெண்டைக்காயுமாக எட்டிப்பார்த்து, "ஐயோ! சாமி! நம்ம தெருவுல சாமி!" என்று அலறி உள்ளே ஓடினார். கோமதிதான் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரத்திக்குத் தட்டு கிடைக்காமல், சோறு வடிக்கும் தட்டில் கற்பூரம் ஏற்றி, ஈரத் தலையுடன் வாசலில் நின்றாள். சாமி நின்றது. மணி ஐந்து இருபது.

பின்னால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பதினொரு வருஷமாக அந்த வீட்டில் ஒரே சண்டை. "உற்சவத்தை நடத்துறது நீங்க, ஊர் பூரா சாமி போவுது, நம்ம வாசலுக்கு மட்டும் வராதா?" என்பார் தெய்வானை அம்மாள். "நானே என் வாசலுக்குத் திருப்பினா ஊர் என்னை என்ன சொல்லும்?" என்பார் பிள்ளை. பதினொரு வருஷம் தீராத வழக்கு, என் ஒன்பதடி வளைவில் முட்டித் தீர்ந்தது.

தெய்வானை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: "வளைவு கட்டுன பையன் யாரு?"

"அவன்தான். தோள விட்டுட்டு அளந்தவன். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிடலாம்னு பார்க்கிறேன்."

"அனுப்பிப் பாருங்க. அப்புறம் இந்த வீட்ல சோறு எப்படி வேகுதுன்னு பார்க்கிறேன்."

ஜாதகம் பொருந்தியது. (பத்தில் ஆறு. எனக்கு அது போதும்.)

எங்கள் தெரு என்னை மன்னிக்கவில்லை. பதினைந்து நாளில் பர்மியரின் தண்ணீர்த் திருநாள் வந்தது. அந்த நாட்களில் யார் யார்மேல் தண்ணீர் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். தெருவில் பாதிப் பேர் தமிழர்கள்; ஆனால் அந்த வருஷம் அவர்களைவிட உற்சாகமாக யாரும் கொண்டாடவில்லை. மாடிப்படி இறங்கும்போதெல்லாம் ஒரு வாளி. செல்லம்மாக்கா மட்டும் முதல் நாள் பன்னிரண்டு. "என்ன தம்பி, ரோமாபுரித் தண்ணி போதுமா? மலையிலேர்ந்து வருது!" என்று ஊற்றுவாள். திருநாள் முடிந்ததும் கோ லுன் சாரத்துடன் வந்து வளைவைப் பிரித்தான். "சயா, இப்பவும் அடியில நிக்கணுமா?" என்று கேட்டான். அதைப் பற்றிப் புத்தகத்தில் இல்லை என்றேன். உச்சி ஆப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுக்க அதுதான்.

மறு வருஷம் உற்சவ வழி பற்றிப் பேச்சு வந்தபோது, போன வருஷம் எப்படியோ அப்படியே என்று முடிவாயிற்று. ஒரு வருஷம் நடந்தால் ரங்கூனில் அது வழக்கம். அன்றிலிருந்து இன்றுவரை சாமி என் மாமனார் தெரு வழியாகத்தான் போகிறது.

எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. அலமாரி வாங்க வாசலை அளந்தால், கட்டிலுக்கு அறையை அளந்தால், மகளின் பாவாடைக்குத் துணியை அளந்தால், சமையலறையிலிருந்து கோமதியின் குரல் வரும்: "தோளோட சேர்த்தா, தோள் இல்லாமலா?" பதின்மூன்று வயது மகளும் இப்போது கேட்கிறாள். தெருமுனைத் தையற்காரர்கூட ஒருமுறை கேட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷ உத்திரத்துக்கும் மாமனார் வீட்டு வாசலில்தான் நின்றோம். முனையில் சப்பரம் தெரிந்ததும் கோமதி ஆரத்தித் தட்டுடன் என் பக்கம் சாய்ந்து, "வாசல் தோரணத்தை அளந்தீங்களா? தோளோட?" என்றாள். என் மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை.

"சும்மா இருடி. மாப்பிள்ளை அன்னைக்குச் சரியா அளந்திருந்தா, நம்ம வாசலுக்கு இந்தச் சாமி வந்திருக்குமா?"

"சாமி வந்திருக்காது அம்மா," என்றாள் கோமதி, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டே. "எனக்கும் வேற நல்ல மாப்பிள்ளை யாராவது வந்திருப்பான்."

சாமி வாசலில் நின்றபோது மணி ஐந்து இருபத்திரண்டு. மற்றது எதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை.